கடல் புகுந்த கிணறுகள்: கல்முனைக் கரையோரத்தின் நிலத்தடி நீர் வரலாறு

மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என அம்பாறை மாவட்டத்தின் கரையோர ஊர்கள் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன. கிழக்கே வங்கக்கடல், மேற்கே வயல்வெளி. நடுவே உள்ள ஒடுங்கிய மணற்பட்டியில்தான் இத்தனை ஊர்களும் நெருங்கி வாழ்கின்றன. இப்பகுதியில் பெரிய மலையும் இல்லை, குடிநீர் தரும் ஊற்றும் இல்லை. எனினும் பல தலைமுறைகளாக இம்மக்கள் தாகத்தால் தவித்ததில்லை. காரணம், வளவுக்கு வளவு இருந்த கிணறு. பத்து, பதினைந்து அடி தோண்டினால் மணலுக்குள் நன்னீர் கிடைத்தது.

கடலிலிருந்து சில நூறு மீற்றர் தொலைவில் நன்னீர் எவ்வாறு நிற்கிறது என்ற கேள்விக்கு நெதர்லாந்தைச் சேர்ந்த பாடோன் கெய்பன் 1888ஆம் ஆண்டளவிலும், ஜேர்மனியரான ஹெர்ஸ்பெர்க் 1901இலும் தனித்தனியே விடை கண்டார்கள். நன்னீரைவிடக் கடல்நீர் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு அடர்த்தி கூடியது. ஆகவே மழைநீர் மணலுக்குள் இறங்கியதும், கனமான உப்புநீரின் மேல் எண்ணெய்போல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி உயர்ந்து நின்றால், கீழே சுமார் நாற்பது அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். விஞ்ஞானிகள் இதனை நன்னீர் வில்லை என்பார்கள். மூக்குக்கண்ணாடி வில்லையைப்போல நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும் இருப்பதால் வந்த பெயர் அது. அதே கணக்கை மறுபுறமாகவும் பார்க்க வேண்டும். மேலே ஓர் அடி நீரை இறைத்து வெளியேற்றினால், கீழிருந்து நாற்பது அடி உப்புநீர் மேலெழ வழி பிறக்கும். இந்த ஒரு கணக்கை மறந்ததால் நேர்ந்ததே இக்கட்டுரையின் பொருள்.

2004 டிசெம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி விடுமுறை நாள். சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் எழுந்த நிலநடுக்கத்தின் பேரலைகள் காலை ஒன்பது மணிக்கு முன்பின்னாகக் கிழக்குக் கரையைத் தாக்கின. இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் 10,000க்கும் அதிகமானோர் அம்பாறை மாவட்டத்தவர். நாட்டில் மிகப்பெரிய உயிரிழப்பைக் கண்ட மாவட்டம் இதுதான். மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் கடலோரத் தெருக்கள் இருந்த இடம் தெரியாமற் போயின.

உயிர் தப்பியவர்களை அடுத்த நாளே எதிர்கொண்டது குடிநீர்ப் பிரச்சினை. அலை கிணறுகளின் வாய்வழியே நேராக உள்ளே இறங்கியிருந்தது. பள்ளங்களில் தேங்கிய கடல்நீர் மணலூடாகப் பின்னரும் கசிந்து இறங்கியது. மலசலகூடக் குழிகள் உடைந்து கலந்திருந்தன. கிணறுகளுக்குள் குப்பையும் சேறும் கிடந்தன. சிலவற்றில் பிணங்களும் கிடந்தன. இலங்கை முழுவதும் 40,000க்கும் மேற்பட்ட குடிநீர்க் கிணறுகள் அழிந்தன அல்லது மாசுபட்டன என்பது பின்னர் வந்த மதிப்பீடு.

இங்கே இரண்டு மாசுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று கிருமி, மற்றது உப்பு. கிருமிக்கு இரசாயனத்தில் மருந்து உண்டு. பிளீச்சிங் பவுடர் என்று நாம் அறிந்த குளோரின் தூளை நீரில் கரைத்தால் உண்டாகும் அமிலம் கிருமிகளின் சுவரைத் துளைத்து உள்ளே சென்று அவற்றைக் கொல்லும். அரை மணி நேரம் கழிந்த பின்பும் ஒரு லீற்றர் நீரில் அரை மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருந்தால் அந்நீரை நம்பிக் குடிக்கலாம் என்பது பொது அளவுகோல். ஆனால் சேறும் அழுகலும் நிறைந்த கிணற்றில் குளோரின் முதலில் அவற்றோடு வினைபுரிந்தே தீர்ந்துவிடும்; கிருமிக்கு மிஞ்சாது. எனவே முதலில் கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கி, பிறகே மருந்திட வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் தொண்டு நிறுவனங்களும் தொண்டர்களும் இப்பணியில் இறங்கினார்கள். பவுசர்களில் நல்ல தண்ணீர் கொண்டுவரப்பட்டது. முகாம்களில் இலட்சக்கணக்கானோர் நெருங்கி வாழ்ந்தும் பெரிய கொள்ளைநோய் எதுவும் பரவவில்லை. அந்தப் பெருமையில் குளோரினுக்கும் அதை வீடுவீடாகச் சுமந்தவர்களுக்கும் உரிய பங்கைக் கொடுத்தே ஆக வேண்டும்.

உப்பின் கதை வேறு. குளோரின் உப்பை ஒன்றும் செய்யாது. உப்பின் பாதியே குளோரினின் மறுவடிவந்தான். கடல்நீரில் லீற்றருக்குச் சுமார் 19,000 மில்லிகிராம் குளோரைட் உண்டு. 250 மில்லிகிராமைத் தாண்டினால் நாவுக்கு உவர்ப்புத் தெரியும். அதாவது எழுபத்தைந்து குடம் நன்னீரில் ஒரு குடம் கடல்நீர் கலந்தாலே போதும், சுவை கெட்டுவிடும். இறைத்த கிணற்றில் மறுநாளும் உவர்நீரே ஊறியபோது, சரியாக இறைக்கவில்லை போலும் என்று மக்களும் எண்ணினார்கள், உதவிக்கு வந்தவர்களும் எண்ணினார்கள். மீண்டும் இறைத்தார்கள். வலுவான நீர்ப்பம்பிகளை வைத்து அடிமணல் தெரியும்வரை இறைத்தார்கள்.

விளைவு, இரண்டாவது பாதிப்பு. மேலிருந்த மெல்லிய நன்னீர் வெளியேற, கீழிருந்த உப்புநீர் கூம்புபோல் மேலெழுந்தது. இறைத்த உவர்நீரைக் கிணற்றடியிலேயே கொட்டியதால், அது மணலூடாகத் திரும்பவும் அதே கிணற்றுக்கு வந்தது. வேகமாக இறைத்ததில் பக்கத்து மணல் சரிந்து சீமெந்து வளையங்கள் சாய்ந்த கிணறுகளும் உண்டு. நல்லெண்ணத்தில் எவருக்கும் குறைவிருக்கவில்லை. நிலத்தடியில் என்ன நடக்கிறது என்ற அறிவுதான் அவசரத்தில் பின்தங்கிவிட்டது.

கொழும்பிலுள்ள சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவகத்தின் ஆய்வாளர்கள் 2005இல் கிழக்குக் கரையின் கிணறுகளைத் தொடர்ந்து அளந்தார்கள். அவர்கள் தேர்ந்த இடங்களுள் நமது ஒலுவிலும் ஒன்று. அமெரிக்காவில் பணியாற்றும் திஸ்ஸ இலங்கசேகர தலைமையில் இலங்கை, அமெரிக்க, டென்மார்க் அறிஞர்கள் அடங்கிய குழுவும் அதே ஆண்டு களத்துக்கு வந்தது. உப்பைக் குறைத்தது பம்பி அல்ல, மழையே என்பதுதான் இவ்வாய்வுகளின் சாரம். 2005 புத்தாண்டையொட்டிப் பெய்த கனமழை நிவாரண வண்டிகளை வழிமறித்தபோது நாம் அதைச் சபித்தோம். உண்மையில் அந்த மழைதான் சிகிச்சையைத் தொடங்கி வைத்தது.

மெத்திகா விதானகேயும் அவரது சகாக்களும் கடலுக்கும் களப்புக்கும் இடையே 2.4 கிலோமீற்றர் அகலமுள்ள ஒரு மணற்பட்டியில் 2005 ஒக்டோபர் முதல் 2007 ஓகஸ்ட் வரை அளவுகள் எடுத்தார்கள். நிலத்தடி நீரின் மேற்பகுதி, இரண்டரை மீற்றர் ஆழம்வரை, ஓராண்டிலிருந்து ஒன்றரை ஆண்டுக்குள் நன்னீராகிவிட்டது. ஆனால் 28 மீற்றர் ஆழம் வரையிலான முழுப் படுகையும் தேறப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகலாம் என்று அவர்களது கணினிக் கணக்கு கூறியது. கிணறு இனித்துவிட்டது என்று நாம் மகிழ்ந்த 2006இலும் அதன் அடியில் சுனாமியின் உப்பு கிடந்தது என்பதே இதன் பொருள். கடலால் மூழ்கிய கிணறுகளைத் துப்புரவாக்குவது பற்றி உலக சுகாதார நிறுவனம் பின்னர் தனிக் குறிப்பேடு ஒன்றை வெளியிட்டு, அளவுக்கு மீறி இறைப்பதன் ஆபத்தை எச்சரித்தது. நம் கரையோரத்தின் அனுபவம் இன்று உலகின் பாடநூலில் ஏறியிருக்கிறது.

நமது மக்கள் பின்பற்றும் ஷாபிஈ சட்டமரபை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். குல்லத்தைன் எனப்படும் அளவை எட்டிய நீரில் அசுத்தம் விழுந்தாலும், நிறம், மணம், சுவை ஆகியவற்றில் ஒன்றேனும் மாறாதவரை அது தூய்மையானதே. மாறிவிட்டால், மேலும் நீர் சேர்ந்தோ தானாகவோ அம்மாற்றம் நீங்கும்போது அது மீண்டும் தூய்மை பெறும். கடல்நீரில் வுழூச் செய்யலாம் என்பதும் தெளிவான சட்டம். ஆகவே பள்ளிவாசல் கிணறு உவர்த்தபோதும் தொழுகை தடைப்பட வேண்டிய தேவை இருக்கவில்லை, தாகம்தான் தீரவில்லை. பொறுத்திருந்து, புதுநீர் சேரவிட்டு, மூன்று குணங்களையும் சோதித்துப் பார் என்ற அந்தப் பழைய முறைக்கும், மழையை நம்பு, அளந்து பார் என்ற ஆய்வாளர்களின் ஆலோசனைக்கும் நெருங்கிய உறவு உண்டு.

அப்படியானால் மண்ணையும் நிலத்தடி நீரையும் இரசாயனத்தால் சுத்திகரிப்பது வீண்வேலையா? அல்ல. மாசைப் பொறுத்தே மருந்து. களிமண் வயலில் கடல் புகுந்தால், சோடியம் மண்துகள்களில் ஒட்டிக்கொண்டு, நீர் இறங்காதபடி மண்ணை இறுக்கிவிடும். அங்கே ஜிப்சம் இட்டால் அதிலுள்ள கல்சியம் சோடியத்தை விலக்கும்; பிறகு நன்னீர் பாய்ச்சி உப்பைக் கழுவிவிடலாம். சுனாமிக்குப் பின் நாகப்பட்டினம் பகுதி வயல்களில் இம்முறையும் தக்கைப்பூண்டுப் பசுந்தாளும் பரிந்துரைக்கப்பட்டன. நமது மணற்பட்டிக்கோ ஜிப்சம் தேவையில்லை. மணல் தானே கழுவிக்கொள்ளும். தொழிற்சாலைக் கரைப்பான்களையும் எண்ணெயையும் நிலத்துக்குள்ளேயே சிதைப்பதற்குப் பெர்மாங்கனேற்று, ஐதரசன் பெரொட்சைட்டு போன்றவற்றைச் செலுத்தும் முறைகள் மேலை நாடுகளில் வழக்கில் உள்ளன. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம்வரை சென்று, 2019இல் நட்டஈட்டுத் தீர்ப்பில் முடிந்ததை வாசகர்கள் அறிவார்கள். ஆனால் எண்ணெயைச் சிதைக்கும் எந்த இரசாயனமும் உப்பைச் சிதைக்காது. உப்பை வடிகட்டலாம், கழுவலாம், காத்திருக்கலாம், அவ்வளவே.

இன்று இவ்வூர்களின் பல வீடுகளில் உள்நாட்டுக் குளத்து நீர் குழாய்வழி வருகிறது. நல்ல காரியம். ஆயினும் குழாய் வந்தபின் கிணற்றை மறந்துவிட்டோம் என்ற கவலை எனக்கு உண்டு. நெருங்கிய வளவுகளில் மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடைவெளி குறைந்துகொண்டே போகிறது. குழியிலிருந்து கசியும் நைத்திரேற்றையும் குளோரின் போக்காது. 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தை அடுத்துக் கடலரிப்பு ஒலுவிலையும் நிந்தவூரையும் தின்று வருகிறது. கரை குறுகக் குறுக, நன்னீர் வில்லையும் மெலியும்.

குழாயில் நீர் நின்ற நாளிலும், இன்னொரு பேரிடரிலும், மக்கள் திரும்பப் போவது கிணற்றிடம்தான். நகரசபைகளும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் பாடசாலைகளும் சேர்ந்து, ஊருக்குப் பத்துக் கிணறுகளையேனும் தெரிந்து, மாதம் ஒருமுறை உவர்ப்பையும் நைத்திரேற்றையும் அளந்து ஏட்டில் பதிந்து வைக்கலாம். அதற்கு வேண்டிய கருவி கைக்குள் அடங்கும். 2004இல் அத்தகைய ஏடு ஒன்று கல்முனையில் இருந்திருந்தால், எந்தக் கிணற்றை இறைப்பது, எதை மழைக்கு விட்டுவிடுவது என்று முதல் வாரத்திலேயே சொல்லியிருக்கலாம்.