தீவகத்துப் புகையிலையும் ஒரு சிறு வெட்டின் வரலாறும்

நெடுந்தீவிலிருந்து யாழ்ப்பாணம் செல்ல வேண்டிய நோயாளி முதலில் கடலின் குணத்தைப் பார்க்க வேண்டும். குறிகட்டுவான் வரை படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை ஊடாகத் தரைவழிப் பயணம். நாட்பட்ட இருமலுக்காக இவ்வளவு தூரம் புறப்படுவோர் குறைவு. "சுருட்டு இருமல்தானே" என்று இருந்துவிடுவோரே அதிகம்.

தீவகத்துக்கும் புகையிலைக்கும் உள்ள உறவு பழையது. யாழ்ப்பாணப் புகையிலை ஒருகாலத்தில் திருவிதாங்கூர்வரை ஏற்றுமதியானது. அந்தப் புகையிலை பல குடும்பங்களுக்குச் சோறிட்டது. அதே புகையிலை நுரையீரல் புற்றுநோயின் முதன்மைக் காரணங்களில் ஒன்று என்பது பின்னாளில்தான் தெளிவாயிற்று.

அந்நோய்க்கான சத்திரசிகிச்சையின் வரலாறு 1933இல் திருப்பம் கண்டது. ஐக்கிய அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் டொக்டர் எவார்ட்ஸ் கிரகாம், நோயாளி ஒருவரின் இடது நுரையீரலை முழுமையாக அகற்றி அவரைப் பிழைக்க வைத்தார். 1950இல் புகைப்பழக்கத்துக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை வெளியிட்ட இருவரில் ஒருவரும் இதே கிரகாம்தான். புகைப்பவராக இருந்த அவர், 1957இல் நுரையீரல் புற்றுநோயாலேயே மறைந்தார். அவரால் காப்பாற்றப்பட்ட நோயாளியோ அவருக்குப் பின்னும் சில ஆண்டுகள் வாழ்ந்தார். விதியின் விளையாட்டு என்பதன்றி வேறென்ன சொல்வது!

முழு நுரையீரலையும் இழப்பது பெரும் இழப்பு. எனவே நோயுள்ள மடலை மட்டும் அகற்றும் முறை நிலைபெற்றது. வலப்புறம் மூன்று, இடப்புறம் இரண்டு என நுரையீரலுக்கு ஐந்து மடல்கள். மடலுக்குள்ளும் துண்டங்கள் உண்டு. அத்துண்டத்தை மட்டும் எடுத்தால் போதாதா என்ற கேள்வியை 247 நோயாளிகளிடம் ஆராய்ந்த வட அமெரிக்க ஆய்வு, 1995இல் "போதாது" என்றது. சிறு வெட்டுக்குப் பின் அதே இடத்தில் நோய் மீள்வது ஏறக்குறைய மூன்று மடங்கு கூடியிருந்தது.

ஆனால் காலம் மாறியது. சி.ரி. ஸ்கான் மிகச் சிறிய கட்டிகளையும் காட்டத் தொடங்கியது. 2 சென்ரிமீற்றருக்கு மேற்படாத, நுரையீரலின் வெளிப்புறத்தில் அமைந்த கட்டிகளுடைய 1106 பேரைக் கொண்ட ஜப்பானிய ஆய்வு 2022இல் வெளியாகியது. ஐந்தாண்டு உயிர்வாழ்வு துண்டம் அகற்றியோரில் 94.3 வீதம், மடல் அகற்றியோரில் 91.1 வீதம். 697 பேரைக் கொண்ட மற்றோர் ஆய்வும் 2023இல் சிறு வெட்டு பின்தங்கவில்லை என்றது.

இதைக் கண்டு எல்லோருக்கும் சிறு வெட்டே சிறந்தது என்று முடிவுகட்டலாகாது. ஜப்பானிய ஆய்விலும் அதே இடத்தில் நோய் மீள்வது துண்ட முறையில் ஏறக்குறைய இரு மடங்காக, 10.5 வீதமாக இருந்தது. நிணநீர்க் கணுக்களில் நோய் பரவவில்லை என்பதும் உறுதியாக வேண்டும். கட்டியின் அளவு, அதன் இடம், நோயாளியின் மூச்சுத்திறன் ஆகியவற்றைப் பார்த்தே வைத்தியரும் நோயாளியும் சேர்ந்து தெரிவு செய்ய வேண்டும்.

இந்தத் தெரிவு, நோயை வேளைக்கே கண்டறிந்தவருக்கு மட்டுமே உரியது. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை மக்கள் நடந்து திரட்டிய நிதியில், 2013இல் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. அதற்கு முன் மகரகமைக்கு அலைந்த வடபகுதி மக்களுக்கு அது பேருதவி. எனினும் நெடுந்தீவு, நயினாதீவு மக்களுக்கு இடையே கடல் இன்றும் இருக்கிறது. சில வாரங்களாக ஓயாத இருமலை, சளியில் தெரியும் இரத்தத்தைப் பொருட்படுத்தி ஒருவர் படகேறும் நாளில்தான் அந்தச் சிறு வெட்டுக்கான வாய்ப்புப் பிறக்கிறது.