அயோடின்-131
அயோடினின் கதிரியக்க ஐசோடோப். அரை ஆயுள் சுமார் 8 நாள். 1938இல் பெர்க்லியில் ஜான் லிவிங்குட், கிளென் சீபோர்க் இருவரும் கண்டறிந்தனர். தைராய்டு சுரப்பிக்குச் சாதாரண அயோடினும் இதுவும் ஒன்றே. வேதியியலில் வேறுபாடில்லாததால் இரண்டையும் ஈர்த்துக்கொள்ளும். மருத்துவப் பயன் முழுவதும் இந்த ஒற்றுமையில்தான் நிற்கிறது. பீட்டா கதிர்கள் ஓரிரு மில்லிமீட்டருக்குள் நோயுற்ற செல்களை அழிக்கின்றன. காமா கதிர்கள் படமெடுக்க உதவுகின்றன. இந்தியாவில் டிராம்பே அணு உலையில் டெலூரியத்திலிருந்து தயாராகிறது. புதுச்சேரியில், கோரிமேடு ஜிப்மர் மருத்துவமனையில் அணு மருத்துவத் துறை உள்ளது. அயோடின்-131 கொண்டு செய்யும் தைராய்டு புற்றுநோய்ச் சிகிச்சைக்கு முன் அயோடின் உப்பையும் கடல் மீனையும் விலக்கச் சொல்வார்கள்; மீன் குழம்பு அன்றாடமான ஊர்களில் இதைப் பொறுமையாக விளக்குவது மிக அவசியம். கர்ப்பிணிகளுக்கு அயோடின்-131 தரலாகாது.