காலாங் முழக்கமும் கணேசனின் பிணையும்

கால்பந்து அமைப்பின் தலைவர் ஒருவரை ரசிகர்கள் எவ்வாறு நினைவில் வைத்துக்கொள்கிறார்கள் என்ற கேள்விக்குத் திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி போன்ற ஆலைப் பகுதிகளின் விளையாட்டு வரலாற்றில் விடை தேடுவது எளிதன்று. சென்னை வட்டாரத்தில் கால்பந்தை நெடுங்காலம் தாங்கி நின்றவை பெரும்பாலும் நிறுவன அணிகள்; ஐ.சி.எஃப். என்று அறியப்படும் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை, இந்தியன் வங்கி, சுங்கத்துறை ஆகியவை ஆட்டக்காரர்களுக்கு வேலையும் சம்பளமும் தந்து அணிகளை நடத்தின. அந்த ஏற்பாடு பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் டிக்கெட் வாங்கி உள்ளே வரும் கூட்டத்தை நம்பி அந்த அணிகள் இருக்கவில்லை என்பதால், அவற்றின் தலைவர்களைப் பாராட்டவோ பழிக்கவோ உரிமை கொண்ட ரசிகர் திரளும் அங்கே உருவாகவில்லை. ஆகவே கூட்டத்தை நம்பியே ஒரு தலைவர் தம் பெயரைப் பணயம் வைத்த வரலாற்றைக் காண, தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் சிங்கப்பூருக்குச் செல்ல வேண்டியிருக்கிறது.

அந்தத் தலைவர் வழக்கறிஞர் நடேசன் கணேசன். 1976இல் சிங்கப்பூர்க் கால்பந்துச் சங்கத்தின் தலைவராகி, 1980களின் தொடக்கம் வரை அப்பொறுப்பில் இருந்தவர். அவர் தலைமை வகித்தது தனி மன்றம் ஒன்றுக்கு அன்று, ஒரு நாட்டின் கால்பந்துச் சங்கத்துக்கு என்றாலும், அக்காலச் சிங்கப்பூர் அணி நடைமுறையில் ஒரு மன்றத்தைப் போலவே இயங்கியது. ஆண்டுதோறும் அது களம் கண்டது மலேசியக் கிண்ணப் போட்டியில், பினாங்கு, சிலாங்கூர் முதலிய மாநில அணிகளுக்கு எதிராக.

மலேசியக் கிண்ணத்தின் கதை 1921இல் தொடங்குகிறது. மலாய் நாடுகளின் பணத்தில் கட்டப்பட்ட ‘மலாயா’ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் அப்பகுதிக்கு வந்தபோது கிடைத்த வரவேற்புக்கு நன்றியாக, கப்பலைச் சேர்ந்தவர்கள் கால்பந்துக்கு ஒன்றும் ரக்பிக்கு ஒன்றுமாக இரு கிண்ணங்களை வழங்கினர். மலாயாக் கிண்ணம் என்று நடந்துவந்த கால்பந்துப் போட்டி 1967இல் மலேசியக் கிண்ணம் எனப் பெயர் மாறியது. முதல் ஆண்டிலேயே கோப்பையை வென்ற சிங்கப்பூர், 1965 ஆகஸ்டில் மலேசியாவிலிருந்து பிரிந்து தனி நாடான பின்னும் இப்போட்டியில் ஆடியது. அரசியலில் முறிந்த உறவு மைதானத்தில் மட்டும் புதுப்பிக்கப்பட்டதால், சாதாரண மாநிலப் போட்டியாக இருந்த ஆட்டங்களுக்கு இரு நாட்டு மோதலின் சூடு ஏறியது. ஆனால் 1965இல் வென்றதற்குப் பிறகு கோப்பை சிங்கப்பூரின் கைக்கு எட்டவில்லை.

கணேசனைப் பற்றிப் பேசும் பழைய ரசிகர்கள் முதலில் எடுப்பது கோப்பைக் கணக்கை அன்று, அரங்கம் மாறிய செய்தியைத்தான். அதுவரை சிங்கப்பூரின் ஆட்டங்கள் ஜாலான் புசார் என்ற பழைய, சிறிய அரங்கில் நடந்துவந்தன. 1973இல் காலாங் பகுதியில் ஏறத்தாழ 55,000 பேர் அமரக்கூடிய தேசிய விளையாட்டரங்கம் திறக்கப்பட்டபோது, உள்ளூர்க் கால்பந்துக்கு அத்தனை பேர் வருவார்களா என்ற தயக்கம் சங்கத்துக்குள் இருந்தது. வாடகை அதிகம், டிக்கெட் வசூல் குறைந்தால் நட்டம் சங்கத்தின் தலையில் விழும். அந்த நட்டத்துக்குப் பொறுப்பாகத் தம் வீட்டையே பிணையாக வைக்கக் கணேசன் முன்வந்தார் என்பது சிங்கப்பூரில் பரவலாகச் சொல்லப்பட்டுவரும் செய்தி. வசூல் பொய்த்தால் கடன் கொடுத்தவர் எடுத்துக்கொள்ளும்படி சொத்தை ஈடு காட்டுவதே பிணை; வணிகர்கள் தம் தொழிலுக்குச் செய்யும் அக்காரியத்தை ஒருவர் பொது அமைப்புக்காகச் செய்ய முன்வந்தது ரசிகர்களின் மனத்தில் ஆழப் பதிந்தது. பொதுப் பணத்தில் வீரம் காட்டிய நிர்வாகிகளை எல்லா ஊர்களும் பார்த்திருக்கின்றன என்பதால், இந்தப் பதிவு வியப்புக்குரியதன்று.

கூட்டம் வந்தது. இருக்கைகள் நிரம்பி வழிய, மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் எல்லாம் கலந்து எழுந்த ஆரவாரத்துக்குக் ‘காலாங் முழக்கம்’ என்ற பெயர் நிலைத்தது. எதிரணியைத் திணறவைக்கும் பன்னிரண்டாவது ஆட்டக்காரராக அது கருதப்பட்டது. தனி நாடாகிப் பத்தாண்டுகளே கடந்திருந்த சமூகத்தில், பல இனத்தவர் ஒரே பக்கம் நின்று ஒரே ஆளின் பெயரைக் கத்திய இடங்கள் மிகச் சில. அவற்றில் இந்த அரங்கம் முக்கியமானது என்ற கருத்தை வரலாற்று நோக்கிலும் ஏற்கலாம். களத்தில் நின்ற அணியும் அத்தகைய கலவைதான்: தற்காப்பில் சமது அல்லாப்பிச்சை, பக்கவாட்டில் பந்தை வளைத்து உதைப்பதில் பெயர்பெற்ற எஸ். ராஜகோபால், முன்வரிசையில் டோலா காசிம், குவா கிம் சோங்.

கணேசன் செய்த இன்னொரு தேர்வு பயிற்சியாளரைப் பற்றியது. ‘அங்கிள் சூ’ என்று அழைக்கப்பட்ட சூ செங் குவீ கண்டிப்புக்குப் பெயர்போனவர், நிர்வாகிகளோடு ஒத்துப்போவதில் அவ்வளவு பெயர்போனவர் அல்லர். அவரிடம் அணி இருந்த 1977ஆம் ஆண்டு, முதலில் ஏமாற்றத்தையே தந்தது. சிங்கப்பூரிலேயே நடந்த உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில், தன் மண்ணில் ஹாங்காங்கிடம் 0-1 எனத் தோற்று அணி வெளியேறியது. ஆனால் அதே ஆண்டு மே 28 அன்று கோலாலம்பூரின் மெர்டேக்கா அரங்கில் பினாங்குக்கு எதிராக நடந்த மலேசியக் கிண்ண இறுதி ஆட்டம் கூடுதல் நேரம் வரை நீண்டு, குவா கிம் சோங் அடித்த கோலால் 3-2 என முடிந்தபோது, பன்னிரண்டு ஆண்டுக் காத்திருப்பு தீர்ந்தது. நீரிழிவு முற்றிய நிலையிலும் பயிற்சியை விடாத சூவின் கால் ஒன்று பின்னர் அகற்றப்பட்டது. அவர் 1983இல் காலமானார். மீண்டும் 1980 மே மாதத்தில், ஜீதா சிங்கின் பயிற்சியில் ஆடிய அணி சிலாங்கூரை 2-1 என வென்றது. வெற்றிக் கோலை அடித்த ஃபாண்டி அகமதுக்கு அப்போது பதினெட்டு வயது நிறையவில்லை.

1975 முதல் 1981 வரை ஏழு ஆண்டும் இறுதி ஆட்டத்துக்கு வந்த சிங்கப்பூர் வென்றது இரண்டு முறை மட்டுமே. எண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது பொற்காலம் ஆகாது. ஆயினும் ரசிகர்கள் அக்காலத்தைப் பொற்காலம் என்றே சொல்கிறார்கள். 1994இல் லீக் பட்டத்தையும், பஹாங்கை 4-0 என வீழ்த்திக் கிண்ணத்தையும் ஒருசேர வென்ற அணியைக்கூட, வயதில் மூத்த ரசிகர்கள் கணேசன் காலத்து அணியோடு ஒப்பிட்டே பேசுவது வழக்கம். அவருக்குப் பின் சங்கத்துக்குத் தலைமை ஏற்றவர்களுள் பலர் நாடாளுமன்ற உறுப்பினர்கள். அவர்களுடைய நிர்வாகத் திறமை எதுவாயினும், நட்டத்துக்குத் தம் சொத்தை ஈடு காட்ட முன்வந்த தலைவரோடு வைத்துப் பார்க்கப்படும் சுமையிலிருந்து அவர்கள் தப்ப முடியவில்லை. இந்த ஒப்பீடு எப்போதும் நியாயமானது என்று சொல்வதற்கில்லை.

ஏனெனில் அந்தப் பெருமைக்குள்ளேயே ஒரு குறையும் இருந்தது. காலாங்கில் திரண்ட மக்கள் வந்தது சிலாங்கூரையும் பினாங்கையும் எதிர்க்கும் சிங்கப்பூரைக் காண. சிங்கப்பூரின் உள்ளூர் மன்றங்கள் தமக்குள் ஆடிய ஆட்டங்களுக்கு அந்தக் கூட்டத்தில் சிறு பங்குகூடச் செல்லவில்லை. வாயிற்பணமும் உணர்ச்சியும் ஒரே போட்டியில், அதுவும் அயல் நாட்டுச் சங்கத்தின் இசைவில் நடக்கும் போட்டியில், குவிந்திருந்தன. 1994 பருவத்துக்குப் பின், வசூல் பங்கீட்டுத் தகராறும் ஆட்ட முடிவுகளை விலைபேசிய ஊழலும் சேர்ந்து சிங்கப்பூரை மலேசியப் போட்டிகளிலிருந்து விலகச் செய்தபோது, 1996இல் தொடங்கிய உள்நாட்டுத் தொழில்முறை லீக்கான எஸ்-லீக்குக்கு அந்தப் பெருங்கூட்டம் பின்தொடர்ந்து வரவில்லை. இக்குறையைக் கணேசன் ஒருவர்மேல் சுமத்துவது பொருந்தாது. ஆனால் அவர் கூட்டிய கூட்டம் ஆண்டுக்குச் சில இரவுகளுக்கான கூட்டமாகவே இருந்தது என்பதையும், வாரந்தோறும் தம் பேட்டை அணிக்குப் போகும் பழக்கம் அதிலிருந்து முளைக்கவில்லை என்பதையும் மறைத்து அவருடைய வரலாற்றை எழுத இயலாது.

கூட்டமானாலும் வெற்றியானாலும் தானாக நிலைக்காது என்பதற்குத் தமிழ்நாட்டிலும் சான்று உண்டு. கோயம்புத்தூரைத் தளமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி அணி, 2018-19 ஐ-லீக் பட்டத்தை 43 புள்ளிகளுடன், ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் முந்தி வென்றது. சுவிட்சர்லாந்தின் பாசெல் மன்றம் அதில் பங்கு வாங்கும் அளவுக்கு நம்பிக்கை இருந்தது. ஆனால் 2021-22 பருவத்தின் ஐ-லீக்கில் அந்த அணி இடம்பெறவில்லை.

கணேசன் 2015இல் மறைந்தார். பழைய தேசிய அரங்கம் அதற்கு முன்பே இடிக்கப்பட்டு, அதே நிலத்தில் திறந்து மூடும் கூரை கொண்ட புதிய அரங்கம் 2014இல் எழுந்திருந்தது. மலேசியப் போட்டிகளில் மீண்டும் ஆடுவதற்காக 2012 முதல் இயங்கி, 2013இல் மலேசிய சூப்பர் லீக்கையும் 2015இல் எஃப்.ஏ. கோப்பையையும் வென்ற ‘லயன்ஸ் XII’ அணியும் அவர் மறைந்த அதே ஆண்டின் இறுதியில் கலைக்கப்பட்டது. அந்த அணியின் சொந்த மண் ஆட்டங்கள் பெரும்பாலும் நடந்தது, கணேசன் சிறியதென்று விட்டு வெளியேறிய, பின்னர் புதுப்பித்துக் கட்டப்பட்ட ஜாலான் புசார் அரங்கில்.