தொடாமல் அளந்த கப்பல்

பல்கேரியக் கரைக்கு அப்பால், கருங்கடலின் அடியில், 2 கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் ஒரு கிரேக்க வணிகக் கப்பல் ஒருக்களித்துக் கிடக்கிறது. நீளம் 23 மீட்டர். பாய்மரமும் சுக்கான்களும், துடுப்பு வலிப்போர் உட்கார்ந்த பலகைகளும்கூட உருக்குலையவில்லை. எடுத்து வந்த சிறு மரத்துண்டைக் கதிரியக்கக் கரிம முறையில் சோதித்ததில் வயது சுமார் 2,400 ஆண்டு என்று தெரிந்தது.

கருங்கடலின் ஆழத்தில் ஆக்சிஜன் இல்லை. மரத்தை அரிக்கும் புழு அங்கே பிழைக்காது. ஆனால் அவ்வளவு ஆழத்தில் மனிதனாலும் முக்குளிக்க முடியாது. ஆகவே, சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் ஆடம்ஸ் தலைமையிலான ஆய்வுக்குழு, விளக்கும் கேமராவும் பொருத்திய ஆளில்லா ஊர்தியை இறக்கியது. அது கப்பலைச் சுற்றி வந்து, ஒன்றன்மேல் ஒன்று படியும்படி படங்களை எடுத்துத் தள்ளியது. ஒரே ஆணித்தலை பல படங்களில் பல கோணங்களில் விழும். அந்த வேறுபாட்டிலிருந்து அது எங்கே இருக்கிறது என்று கணினி கணித்துவிடும். இப்படிப் புள்ளி புள்ளியாகச் சேர்த்து முழுக் கப்பலும் முப்பரிமாண உருவமாகத் திரையில் எழுந்தது. 2018-ல் உலகம் அதைப் பார்த்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள கிரேக்கச் சாடி ஒன்றில், காவிய நாயகன் ஒடீசியஸைப் பாய்மரத்தில் கட்டியிருக்கும் ஓவியத்தில் வரும் கப்பலும் இதே சாயல்தான்.

வியப்பான சாதனைதான். ஆனாலும் அந்த உருவத்தைப் படிக்கக் கற்றுக்கொடுத்தது தச்சு வேலை என்பதை மறக்கக் கூடாது.

சைப்ரஸின் கைரீனியா கடலில் 1965-ல் ஆண்ட்ரியாஸ் கரியோலு என்ற முக்குளிப்பாளர், மூழ்கிய வேறொரு பழங்கால கிரேக்கக் கப்பலின் சாடிக் குவியலைக் கண்டார். மைக்கேல் கட்செவ் குழுவினர் 1968, 1969-ல் அகழ்ந்தபோது சுமார் 400 சாடிகளும் திரிகைக் கற்களும் ஆயிரக்கணக்கான பாதாம் கொட்டைகளும் கிடைத்தன. சாடிகளில் பெரும்பாலானவை ரோட்ஸ் தீவைச் சேர்ந்தவை. உண்கலங்கள் நான்கு நான்காகக் கிடைத்ததால் மாலுமிகள் நால்வர் என்று கணித்தார்கள். சுமார் 14 மீட்டர் நீளக் கப்பலைத் துண்டு துண்டாகத்தான் மேலே கொண்டுவர முடிந்தது.

அவற்றை ஒன்றுசேர்த்தவர் ரிச்சர்ட் ஸ்டெஃபி. பென்சில்வேனியாவில் மின்பணி ஒப்பந்தக்காரராக இருந்து, ஆசைக்கு மாதிரிக் கப்பல்கள் செய்துவந்தவர். இந்தக் கட்டுரையின் நாயகன் என்று ஒருவரைச் சொல்வதென்றால் அவரைத்தான் சொல்ல வேண்டும். மாதிரிகள் செய்து பார்த்து, பலகைகளின் வளைவையும் துளைகளின் வரிசையையும் ஒப்பிட்டு, அந்தக் கப்பலைக் கட்டிய விதத்தை அவர் கண்டறிந்தார். பலகைகளின் விளிம்பில் துளை வெட்டி, சிறு கட்டைகளைச் செருகி, மர ஆணியால் இறுக்கி, முதலில் வெளியோட்டைக் கட்டியிருக்கிறார்கள். விலாச்சட்டங்கள் பிறகுதான் வந்தன. அந்த அறிவை நம்பியே கிரீஸின் பெராமா கட்டுதளத்தில் 'கைரீனியா II' உருவாகி, 1985-ல் கடலில் இறங்கி, பாய் விரித்துச் சைப்ரஸ் வரை போனது.

முழு அளவில் ஒரு கப்பலைக் கட்டுவதற்குப் பணமும் ஆண்டுகளும் வேண்டும். பிழை தெரிந்தால் பலகையை மாற்றுவதும் எளிதல்ல. கணினி உருவத்திலோ வளைவைத் திருத்தலாம், பாயைப் பெரிதாக்கலாம், எவ்வளவு பாரத்துக்கு எவ்வளவு அமிழும், எந்தச் சாய்வில் தண்ணீர் உள்ளே ஏறும் என்று மறுபடி மறுபடி கணக்கிடலாம். ஆனால் அதற்குச் சரக்கின் எடை தெரிய வேண்டும். கைரீனியாவில் சாடிகளை எண்ணிப் பார்க்க முடிந்தது. கருங்கடல் கப்பலைப் பற்றி 2018-ல் அறிவித்தபோது, அது என்ன ஏற்றிச் சென்றது என்று ஆய்வாளர்களுக்கே தெரிந்திருக்கவில்லை.