சிறு கேபினட் விளையாட்டுக் கணினி: வெப்பத்தின் வரலாறு

கொள்ளளவு ஏறத்தாழ 20 லிட்டருக்குள் அடங்கும் மேசைக் கணினியைச் சிறு கேபினட் கணினி என்பர். வழக்கமான கேபினட் இதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும். மதர்போர்டு, பிராசசர், கிராபிக்ஸ் கார்டு, எஸ்எம்பிஎஸ் எல்லாம் இரண்டிலும் உண்டு. சிறியதில் குறைவது காற்றுக்கான இடம் மட்டுமே. அண்ணாமலைநகர் விடுதி அறையிலும் கடலூரின் வாடகை வீட்டு மாடியிலும் இத்தகைய கணினியை மாணவர்கள் விரும்புவதற்குக் காரணம் எளிது. மேசையில் இடம் அடைக்காது; விடுமுறைக்குப் பையில் வைத்துப் பேருந்தில் கொண்டுபோகலாம். ஆனால் அதில் பெரிய கிராபிக்ஸ் கார்டு மாட்டுவதற்கு முன், இந்தப் பெட்டி கடந்துவந்த பாதையை அறிந்துகொள்வது பணத்தை மிச்சப்படுத்தும்.

மின்விசிறி வேண்டாம் என்ற காலம்

1977இல் வெளிவந்த ஆப்பிள் 2 கணினியில் மின்விசிறி இல்லை. விசிறியின் இரைச்சலை ஸ்டீவ் ஜாப்ஸ் விரும்பவில்லை. அக்கணினியின் மின்வழங்கி குறைந்த வெப்பமே வெளியிட்டதால் அது பிழைத்தது. 1980இல் வந்த ஆப்பிள் 3 பிழைக்கவில்லை. அலுமினிய அடிப்பாகமே வெப்பத்தை வெளியேற்றிவிடும் என்று நம்பினார்கள். சில்லுகள் தம் இருக்கையிலிருந்து தளர்ந்தன. கணினியைச் சில அங்குலம் தூக்கிக் கீழே போட்டால் அவை மீண்டும் பொருந்தும் என்று பயனர்களுக்கு அந்நிறுவனமே ஆலோசனை சொன்னது. வானொலிப் பெட்டியைத் தட்டிப் பாட வைத்த நம் தலைமுறைக்கு இது புதிய வைத்தியம் அல்ல.

இருபது ஆண்டு கழித்து, 2000ஆம் ஆண்டு ஜூலையில், அதே நிறுவனம் பவர் மேக் ஜி4 கியூப் என்ற எட்டு அங்குலக் கனசதுரக் கணினியை வெளியிட்டது. இதிலும் விசிறி இல்லை. சூடான காற்று நடுவிலுள்ள புழை வழியே மேலெழ, கீழிருந்து குளிர்ந்த காற்று தானாக உள்ளே வரும். நெய்வேலி அனல்மின் நிலையத்தில் இடை சிறுத்து நிற்கும் குளிர்விப்புக் கோபுரங்களில் காற்று மேலேறுவதும் இதே தத்துவத்தில்தான். ஆனால் கோபுரத்தின் பலம் அதன் உயரம். எட்டு அங்குலத்தில் அந்த இழுவை எவ்வளவு கிடைக்கும்? அதன் விலையும் அதிகம். ஓராண்டிலேயே உற்பத்தி நின்றது.

வெப்பக் குழாய் வந்தது

2001இல் இரு திருப்பங்கள். தைவானின் வியா நிறுவனம் 17 செ.மீ. பக்கமுள்ள மினி-ஐடிஎக்ஸ் என்ற சதுர மதர்போர்டு அளவை அறிவித்தது. அதே நாட்டின் ஷட்டில் நிறுவனம் காலணிப் பெட்டி அளவிலான கணினியை விற்கத் தொடங்கியது. அடுத்து வந்த ஷட்டில் கணினிகள் பிராசசரின் சூட்டை வெப்பக் குழாய் வழியே பின்பக்க விசிறிக்குக் கொண்டுசென்றன. அக்குழாய்க்குள் சிறிது திரவம் இருக்கும். சூடான முனையில் ஆவியாகும், குளிர்ந்த முனையில் மீண்டும் திரவமாகித் திரும்பும். 1960களில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் உருவாக்கிக் காட்டிய கருவி இது. விண்கலங்களுக்குப் பயன்பட்டது விளையாட்டுப் பெட்டிக்குள் புகுந்தது. கிராபிக்ஸ் கார்டுக்கும் இடம் கிடைத்ததால், கணினியைத் தூக்கிச் சென்று நண்பர்களோடு கூடி விளையாடுவோரிடம் இவ்வகை பரவியது.

இதற்கிடையில் பிராசசர்கள் கொதித்தன. 2004இல் வந்த பென்டியம் 4 பிரெஸ்காட் வகைகளுள் சில 115 வாட் வரை வெப்பம் கக்கின. காற்று நேர்கோட்டில் செல்லும்படி பிடிஎக்ஸ் என்ற புதிய மதர்போர்டு அமைப்பை இன்டெல் முன்வைத்தது. 2006இல் 65 வாட் அளவில் கோர் 2 பிராசசர்கள் வந்ததும் அந்த அமைப்பு கைவிடப்பட்டது. கேபினட்டை மாற்றித் தீர்க்க நினைத்த சிக்கல், சில்லை மாற்றியதும் தீர்ந்தது.

ஏழு லிட்டரும் கத்திரி வெயிலும்

2010களில் ஆர்வலர்களே கேபினட் வடிவமைத்து, கூட்டு நிதி திரட்டி வெளியிட்டனர். அவற்றுள் டான் ஏ4 புகழ்பெற்றது. கொள்ளளவு ஏறத்தாழ 7 லிட்டர். மதர்போர்டும் கிராபிக்ஸ் கார்டும் முதுகோடு முதுகாக நிற்கும்.

ஒரு சிறு கணக்கு. உள்ளே 300 வாட் வெப்பம் உண்டாகிறது. வெளிவரும் காற்று உட்செல்லும் காற்றைவிட 10 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்று கொள்வோம். விநாடிக்கு ஏறத்தாழ 26 லிட்டர் காற்று ஓட வேண்டும். அதாவது 7 லிட்டர் பெட்டியின் காற்று முழுவதும் விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் மாற வேண்டும்.

இந்தக் காற்று அறையிலிருந்து வருகிறது என்பதே நமக்கு முக்கியம். விசிறியால் எதையும் அறையைவிடக் குளிர்ச்சியாக்க முடியாது. ஐரோப்பாவில் 22 டிகிரி அறையில் சோதித்த கணினியைக் கத்திரி வெயிலில் 36 டிகிரி உள்ள சிதம்பரத்து மாடி அறையில் வைத்தால், உள்ளே ஒவ்வொரு பாகமும் ஏறக்குறைய 14 டிகிரி கூடுதலாகச் சூடேறும். எல்லை தாண்டினால் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கூடுதல் விலை கொடுத்து வாங்கிய வேகம் அப்போது கைக்கு வராது. கடலூர் முதுநகர் போன்ற கடலோரப் பகுதிகளில் இன்னொரு தொல்லை உண்டு. உப்பும் ஈரமும் கலந்த காற்றில் தூசி இறுகி ஹீட்சிங்க் இடுக்குகளை அடைக்கும். உலோக முனைகள் அரிக்கும். கணினி ஆய்வகத்துக்கு வெளியே செருப்பைக் கழற்றச் சொன்னதை இன்று கேலி பேசுகிறார்கள். அந்த விதிக்குள் இருந்தது தூசி பற்றிய நியாயமான பயம்தான்.

எதை மாற்றலாம்

ரேம், எஸ்எஸ்டி இரண்டையும் கூட்டுவதால் வெப்பம் பெரிதாக ஏறாது. முதலில் இவற்றை மாற்றுவதே நல்லது. கிராபிக்ஸ் கார்டு அப்படியல்ல. மதர்போர்டின் செருகுவாய் தரும் மின்சாரம் 75 வாட் வரைதான். அந்த எல்லைக்குள் இயங்கிய ஜிடிஎக்ஸ் 750 டிஐ (2014), ஜிடிஎக்ஸ் 1050 டிஐ (2016) போன்ற கார்டுகள் சிறு கேபினட்டுகளில் நன்கு உழைத்தன. 2022இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090 கேட்பது 450 வாட். சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்க் கார்டு வாங்குவோர் நீளத்தை மட்டும் அளந்துகொண்டு போகிறார்கள். வாட் அளவையும் எஸ்எம்பிஎஸ் திறனையும் எழுதிக்கொண்டு போக வேண்டும்.

புதிய கூலர் வாங்குமுன் செய்யக்கூடியவை செலவற்றவை. பிராசசருக்கும் கார்டுக்கும் செல்லும் மின்னழுத்தத்தைச் சற்றுக் குறைத்து அமைத்தால், வேகம் அதிகம் குறையாமலே வெப்பம் இறங்கும். ஏனெனில், மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்பச் சில்லின் மின்செலவு மாறுகிறது. பழைய தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். கேபினட்டைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, காற்று நுழையும் பக்கம் திறந்திருக்கும்படி வைக்க வேண்டும். பங்குனி முடிவதற்குள் ஒருமுறை, மழைக்காலம் முடிந்த பின் ஒருமுறை, மின்இணைப்பைத் துண்டித்துவிட்டு விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு ப்ளோயரால் தூசி ஊத வேண்டும். பிடிக்காமல் ஊதினால் விசிறி அளவுக்கு மீறிச் சுழன்று பேரிங் கெடும்.