ஓர் ஒட்டுக்காக நாற்பது வருடம்

வீட்டுப் பின்கட்டில் சின்னதாக ஒரு மரப்பட்டறை. அதில் ஒரு பேண்ட் சா. இப்படி ஓர் ஆசையோடு நீங்கள் கடைக்குப் போகிறீர்கள். 'ஒரு ஹெச்.பி. மோட்டார் சார், சும்மா பிச்சிக்கிட்டுப் போகும்' என்பார் கடைக்காரர். கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் முதலில் பிளேடைப் பாருங்கள். அதன் இரு முனைகளும் சேருகிற ஒட்டைப் பாருங்கள். அந்த ஒட்டுக்காகத்தான் இந்த மெஷின் நாற்பது வருடம் காத்துக்கிடந்தது.

பழைய இங்கிலாந்தில் பெரிய மரத்தைப் பலகையாக்க இரண்டு ஆள் வேண்டும். குழிக்கு மேலே மரம். மரத்தின்மேல் ஒருவர், குழிக்குள் ஒருவர். ரம்பத்தை இழுக்க வேண்டியது, தூக்க வேண்டியது. கீழே நிற்பவருக்குக் கண், மூக்கு எல்லாம் மரத்தூள். ரம்பம் இறங்கும்போதுதான் அறுக்கும். ஏறும்போது சும்மா ஏறும். பாதி உழைப்பு தண்டம்.

ரம்பத்தை நாடா மாதிரி நீளமாக்கி, முனைகளை இணைத்து, இரண்டு சக்கரங்களில் மாட்டிச் சுற்றவிட்டால் என்ன என்று யோசித்தார் வில்லியம் நியூபெரி. 1809 வாக்கிலேயே காப்புரிமையும் வாங்கிவிட்டார். ஐடியா பிரமாதம். பிளேடுதான் நிற்கவில்லை. அறுந்துகொண்டே இருந்தது.

ஏன்? நான் படித்தது பி.காம். ஆகவே கணக்காகவே சொல்கிறேன். இன்றைய 14 அங்குல மெஷினில் பிளேடின் நீளம் சுமார் 93 அங்குலம். நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,000 அடி ஓடும். அதாவது 380 சுற்றுக்கு மேல். சுற்றுக்கு இரண்டு சக்கரம். ஆக, அந்த ஒட்டு நிமிடத்துக்கு 760 தடவை வளைந்து நிமிர வேண்டும். அன்றைய எஃகும் தாங்கவில்லை, ஒட்டும் தாங்கவில்லை.

தாங்குகிற ஒட்டைக் கண்டுபிடித்தது ஒரு பிரெஞ்சுப் பெண்மணி. ஆன் பாலின் க்ரெபின். 1846-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். பாரிஸ் நகரின் பெரின் கம்பெனி அந்த உரிமையை வாங்கி, கூடவே நல்ல எஃகையும் பதமிடும் முறையையும் சேர்த்தது. பேண்ட் சா நிஜமாகவே ஓட ஆரம்பித்தது. மரம் அறுக்கிறவர்களில் எத்தனை பேருக்கு அந்த அம்மாளின் பெயர் தெரியும்?

ஆலைக்குள் இருந்த மெஷின் பிறகு சிறுத்து வீட்டுக்கும் வந்தது. 14 அங்குலம் என்பது சக்கரத்தின் விட்டம். வாங்கும்போது, எவ்வளவு உயர மரம் உள்ளே போகும் என்றும் கேளுங்கள். பலகை பிளக்க அரை அங்குல அகலத்தில், அங்குலத்துக்கு மூன்று பல் உள்ள பிளேடு. வளைவு வெட்டக் கால் அங்குலம் போதும்.

பொருத்துவதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். இது முக்கியம். பல் உங்களைப் பார்த்து, கீழ்நோக்கி இருக்க வேண்டும். பிளேடை இழுத்து முறுக்கேற்றி, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். பிளேடு மேல்சக்கரத்தின் நடுவில் ஓடுகிறதா? அதன்பிறகுதான் இரு பக்கமும் தாங்கும் கட்டைகளை, ஒரு தாள் நுழையும் இடைவெளியில், பல்லில் படாமல் நெருக்குங்கள். பின்னால் தாங்கும் பேரிங்கும் மயிரிழை தள்ளியே இருக்கட்டும். ஓடும்போது மேல் காப்பை மரத்துக்குச் சற்று மேலே வரை இறக்கிவிடுங்கள். உங்கள் விரலுக்கும் பல்லுக்கும் நடுவே இருப்பது அது ஒன்றுதான்.

கையால் சுற்றும்போது காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். சுற்றுக்கு ஒருமுறை 'டிக்' என்று கேட்கிறதா? ஒட்டு மேடாகவோ விரிசலாகவோ இருக்கலாம். யோசிக்காமல் பிளேடைக் கழற்றிவிடுங்கள். நாற்பது வருடம் பொறுத்த மெஷின், இன்னொரு பிளேடு வாங்கிவருகிற வரைக்கும் பொறுக்காதா என்ன?