பொது வைஃபையின் கதை: நெட் போனால் முதலில் எங்கே பார்ப்பது?



நம் நான்கு பிளாக்குக்கும் சேர்த்து ஓடும் பொது வைஃபையைத் தொடர்வதா, அல்லது அவரவர் தனி இணைப்பு வாங்கிக்கொண்டு இதை மூடிவிடுவதா என்ற கேள்வி அடுத்த பொதுக்குழுவின் அஜெண்டாவில் இருப்பது உங்களுக்குத் தெரியும். இதுவரை ஒரு ரூபாய் வாங்காமல் இதைக் கவனித்துவந்த இரண்டு இளைஞர்களில் ஒருவர் வேலை மாற்றலாகி வெளியூர் போய்விட்டார். இன்னொருவர் மேற்படிப்புக்காக ஜூனில் கிளம்புகிறார். வாட்ஸ்அப் குரூப்பில் "நெட் இல்லை" என்று எழுத 96 ஃபிளாட்டிலும் ஆள் இருக்கிறது. மொட்டை மாடிக்குப் போய்ப் பார்க்க இனி யார் இருக்கிறார்கள்?

கை தூக்குவதற்கு முன், அக்கம்பக்கத்தார் சேர்ந்து கம்பியில்லா இணைப்பு நடத்திய கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. பி.காம். முடித்து, வங்கியில் லெட்ஜர் எழுதி ஓய்வு பெற்றவன். ஆனால் இந்தக் கதையில் கணக்குக்காரனுக்குப் பழக்கமான விஷயங்கள் நிறைய இருக்கின்றன. நம் வீட்டில் நெட் ஏன் விட்டுவிட்டு வருகிறது என்பதற்கும் அதில் பதில் இருக்கிறது.

ஹவாயில் கிடைத்த ரசீது

கதை ஹவாய்த் தீவுகளில் தொடங்குகிறது. அங்குள்ள பல்கலைக்கழகத்தின் கட்டடங்கள் வெவ்வேறு தீவுகளில் இருந்தன. கடலுக்கடியில் கம்பி போட்டுக் கம்ப்யூட்டர்களை இணைப்பது கட்டுப்படியாகாது. நார்மன் ஆப்ரம்சன் என்ற பேராசிரியரும் அவருடைய குழுவினரும் ரேடியோ மூலம் இணைத்தார்கள். 1971-இல் ஓடத் தொடங்கிய அந்த வலையமைப்பின் பெயர் அலோஹாநெட்.

எல்லோரும் ஒரே அலைவரிசையில் பேசினால் இரண்டு பேர் பேச்சு மோதிக்கொள்ளும். அதற்கு அவர்கள் வைத்த விதி எளிமையானது. தகவல் அனுப்பியவருக்கு "வந்து சேர்ந்தது" என்று ரசீது வர வேண்டும். ரசீது வராவிட்டால் கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி அனுப்ப வேண்டும். எவ்வளவு நேரம் பொறுப்பது என்பதை ஒவ்வொரு கருவியும் குத்துமதிப்பாக எடுத்துக்கொள்ளும். அதனால் இரண்டும் மறுபடி ஒரே நேரத்தில் கிளம்பி மோதுவது குறையும்.

இன்றைய வைஃபையும் ரசீது, காத்திருப்பு என்ற இந்த முறையில்தான் ஓடுகிறது. இரவு 8 மணி முதல் 10 மணி வரை நம் நெட் மெதுவாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். எல்லா வீட்டிலும் படம் ஓடும் நேரம் அது. மோதலும் காத்திருப்பும் கூடுகின்றன. கருவியில் பழுது இல்லை, கவுண்டரில் கூட்டம்.

மைக்ரோவேவ் அடுப்போடு பங்கு

அந்தக் காலத்தில் அலைவரிசையைத் தொட வேண்டுமென்றால் அரசு லைசென்ஸ் வேண்டும். 1985 மே மாதம் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் மூன்று அலைவரிசைப் பட்டைகளில் லைசென்ஸ் இல்லாமல் தகவல் அனுப்பலாம் என்று அனுமதித்தது. அவற்றுள் ஒன்றுதான் 2.4 கிகாஹெர்ட்ஸ். மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வதும் அதே பட்டையில்தான். மற்றவர்களுக்கு வேண்டாத இடமாக அது கிடந்தது. உங்கள் சமையலறையில் அடுப்பு ஓடும் இரண்டு நிமிடம் பக்கத்தில் இருக்கும் ஃபோனில் நெட் தடுமாறினால், காரணம் அந்தப் பழைய பங்காளி உறவு.

1997-இல் இதற்கான பொதுத் தரம் வெளியானது. உச்ச வேகம் நொடிக்கு 2 மெகாபிட். 1999-இல் அது 11 ஆனது. வைஃபை என்ற பெயரும் அந்த ஆண்டுதான் வந்தது. இந்தியாவில் 2.4 பட்டையை வெளிப்புறத்திலும் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த 2005 ஜனவரியில் வழி பிறந்தது. நம் மொட்டை மாடியில் இருக்கும் ஆன்டெனா அந்த அறிவிப்புக்குக் கடன்பட்டது.

பிலடெல்பியாவின் செங்கல் சுவர்

லைசென்ஸ் தொல்லை ஒழிந்ததும் பெரிய நகரங்களுக்கு ஆசை வந்தது. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம் முழுவதும் வைஃபை என்று 2000-களின் நடுவில் திட்டம் போட்டார்கள். எர்த்லிங்க் என்ற நிறுவனம் தெருவிளக்குக் கம்பங்களில் கருவிகளைப் பொருத்தியது. தெருவில் சிக்னல் கிடைத்தது. வீட்டுக்குள் செங்கல் சுவரைத் தாண்டிச் சரியாக நுழையவில்லை. எதிர்பார்த்த சந்தாதாரர்கள் சேரவில்லை. 2008-இல் அந்த நிறுவனம் விலகிக்கொண்டது.

நம் வீடுகளில் செங்கல்லோடு இரும்புக் கம்பி போட்ட கான்கிரீட்டும் இருக்கிறது. லிஃப்ட் பகுதியின் இரும்பும், மேல்நிலைத் தொட்டியின் தண்ணீரும் அலையைத் தடுக்கின்றன. ஹாலில் முழு சிக்னல், உள் பெட்ரூமில் ஒன்றுமில்லை என்றால் அது சுவரின் வேலை. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமாகக் கொண்டுவரும், ஆனால் சுவரைக் கடப்பதில் 2.4-ஐவிடப் பலவீனம். உள் அறையில் 2.4 பெயரைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

மரத்தில் கட்டிய ஆன்டெனா

பெரிய நிறுவனம் கைவிட்ட வேலையை ஒரு மலைக்கிராமம் செய்து காட்டியது. நேபாளத்தின் மியாக்தி மாவட்டத்தில் நாங்கி என்ற ஊர். சாலை வசதி இல்லை, ஃபோன் இல்லை. அமெரிக்காவில் படித்துவிட்டு ஊர் திரும்பிய ஆசிரியர் மகாபீர் புன், நன்கொடையாக வந்த பாகங்களைக்கொண்டு மரப்பெட்டிக்குள் கம்ப்யூட்டர்களைப் பூட்டினார். ஓடையில் சிறு மின்னாக்கி வைத்தார். 2002 வாக்கில் வெளிநாட்டுத் தன்னார்வலர்களின் உதவியோடு பொக்காராவிலிருந்து மலைக்கு மலை வைஃபையைத் தாண்டவைத்தார். ஆரம்பத்தில் ஆன்டெனாவை மரத்தின் மேல் கட்டினார்கள். பிறகு பல கிராமங்கள் அதில் சேர்ந்தன. ஊரில் இருந்தபடியே நகர மருத்துவரிடம் காட்ட முடிந்தது. 2007-இல் புன் அவர்களுக்கு மகசேசே விருது கிடைத்தது.

தேனியில் தெரிந்த உண்மை

இதைவிட நமக்கு நெருக்கமான பாடம் தேனியில் இருக்கிறது. அரவிந்த் கண் மருத்துவமனையின் தேனிக் கிளையையும் சுற்றியிருந்த கிராமப் பார்வை மையங்களையும் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகக் குழுவினர் நீண்டதூர வைஃபை மூலம் இணைத்தார்கள். கிராமத்தில் உட்கார்ந்திருக்கும் நோயாளியைத் தேனியில் இருக்கும் மருத்துவர் திரையில் பார்த்துப் பேசினார்.

வைஃபை வீட்டுத் தூரத்துக்காகச் செய்யப்பட்டது. பல கிலோமீட்டர் தள்ளி இருந்தால் ரசீது திரும்பி வருவதற்குள் பொறுமை இழந்து மறுபடி அனுப்பத் தொடங்கிவிடும். அதற்கு அவர்கள் புது மென்பொருள் எழுதினார்கள். அது தீர்ந்த பிறகு கஷ்டம் கொடுத்தது மின்சாரம். வோல்டேஜ் ஏறி இறங்கியதில் கருவிகள் கெட்டன, சில பாதியில் தொங்கி நின்றன. இமாச்சலப் பிரதேசத்தின் தரம்சாலாவில் 2005-இல் திபெத்திய சமூகத்தினரிடையே உருவான வலையமைப்பிலும் அதே அனுபவம். அங்கே கூடுதலாகக் குரங்குத் தொல்லை வேறு. இரண்டு இடத்து அனுபவத்தையும் சேர்த்து 2008-இல் அந்தக் குழுவினர் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். மின்சாரத்தைச் சீராக்குவதும், பழுதைக் கண்டுபிடிக்க உள்ளூர் ஆட்களைப் பழக்குவதும்தான் வலையமைப்பை உயிரோடு வைக்கும் என்பது அதன் சாரம்.

காட்டலோனியாவின் கணக்குப் புத்தகம்

செலவை யார் ஏற்பது? ஸ்பெயின் நாட்டின் காட்டலோனியா பகுதியில் ஒசோனா என்ற வட்டாரத்துக் கிராமங்களுக்கு நிறுவனங்கள் சரியான இணைப்புத் தரவில்லை. 2004-இல் ஊர்க்காரர்களே குய்ஃபி நெட் என்ற வலையமைப்பைத் தொடங்கினார்கள். இன்று அதில் 30,000-க்கும் மேற்பட்ட முனைகள் இருக்கின்றன. எனக்குப் பிடித்தது அவர்களுடைய கணக்கு முறை. பொது வலையமைப்பில் யார் எவ்வளவு முதல் போட்டார்கள், யார் எவ்வளவு பயன்படுத்தினார்கள் என்று அங்கே தொழில் நடத்துபவர்களுக்குக் கணக்கு உண்டு. போட்டதைவிட அதிகம் பயன்படுத்தியவர், அதிகம் போட்டவருக்கு ஈடு கட்டுகிறார். யாரும் யாரையும் சுரண்டுவதாகச் சந்தேகம் வராமல் இருக்க அந்தப் புத்தகம் காவல்.

நியூயார்க்கின் ரெட் ஹுக் பகுதியிலோ உள்ளூர் இளைஞர்களுக்கே பயிற்சி கொடுத்து வைஃபையைப் பராமரிக்கவைத்தார்கள். 2012 அக்டோபரில் சாண்டி புயல் தாக்கியபோது மற்ற இணைப்புகள் விழுந்த இடத்தில் இந்தச் சிறு வலையமைப்பு மக்களுக்குக் கைகொடுத்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகளில் மின்சாரமும் செல்ஃபோன் சிக்னலும் இல்லாமல் போனதை நினைத்துப் பாருங்கள்.

நமக்கு என்ன வேலை?

வங்கியில் டிரயல் பேலன்ஸ் டேலி ஆகாவிட்டால் முதல் பக்கத்திலிருந்து எல்லா என்ட்ரியையும் பார்க்க மாட்டோம். வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம். வித்தியாசத்தில் சரிபாதித் தொகைக்கு ஓர் என்ட்ரி இருந்தால் பற்று, வரவு பக்கம் மாறியிருக்கலாம். தப்பின் சாயலே அது இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். நெட்டும் அப்படித்தான்.

1. உங்கள் ஒரு ஃபோனில் மட்டும் வரவில்லை, மற்றவர்களுக்கு வருகிறது என்றால் கோளாறு ஃபோனில். சேமித்த வைஃபை பெயரை நீக்கிவிட்டுப் பாஸ்வேர்டைப் புதிதாகப் போடுங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்தைக் கவனியுங்கள். லாகின் பக்கம் வராவிட்டால் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு முயலுங்கள்.

2. சிக்னல் முழுதாக இருக்கிறது, உங்கள் வீட்டில் எந்தக் கருவியிலும் எதுவும் திறக்கவில்லை என்றால் உங்களுக்கும் ரூட்டருக்கும் நடுவே பெரும்பாலும் பிரச்சினை இல்லை. அதற்கு அப்பால், ஸ்விட்சிலோ வெளியிலிருந்து வரும் லைனிலோ இருக்கும். ஃபோனை அணைத்துப் போடுவதால் பயனில்லை.

3. வைஃபை பெயரே பிளாக் முழுவதும் தெரியவில்லை என்றால் கரண்ட், அடாப்டர், யுபிஎஸ். ரூட்டரில் விளக்கு எரிகிறதா என்று பார்த்தால் போதும்.

4. ஓர் அறையில் மட்டும் இல்லை என்றால் சுவர். இரவில் மட்டும் மெதுவென்றால் கூட்டம்.

5. உங்கள் வீட்டில் தனி ரூட்டரும் இருந்தால், 2.4 பட்டையில் 1, 6, 11 என்ற மூன்று சேனல்களில் பக்கத்தில் எது காலியோ அதில் வையுங்கள். மற்றவை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்.

ஒரு வேண்டுகோள். மாடியில் இருக்கும் ரூட்டரை ஆளாளுக்கு அணைத்துப் போடாதீர்கள். எங்கே நின்றது என்ற தடயம் அதோடு போய்விடும். வீடியோவில் மருத்துவரிடம் பேசிக்கொண்டிருப்பவரின் அழைப்பும் அறுந்துவிடும். "நெட் இல்லை" என்பதற்குப் பதிலாக, எந்த பிளாக், எந்த மாடி, எத்தனை மணிக்கு, ஒரு ஃபோனிலா எல்லாவற்றிலுமா என்று நான்கு விவரம் எழுதுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

பொதுக்குழுவில் நான் மூன்று யோசனைகளை வைக்கப்போகிறேன். பிளாக்குக்கு இரண்டு பேர் பொறுப்பு. ஒருவர் வயதில் மூத்தவராக இருந்தாலும் சரி, ஏனென்றால் விளக்கு எரிகிறதா என்று பார்க்க டிகிரி தேவையில்லை. செக்யூரிட்டி அறையில் ஒரு நோட்டு. எப்போது நின்றது, யார் பார்த்தார், என்ன செய்தார் என்று தேதி போட்டு எழுத வேண்டும். மூன்றாவதாக, யுபிஎஸ் பேட்டரி மாற்றுவதற்குப் பராமரிப்புக் கணக்கில் தனித் தலைப்பு.

தனி இணைப்பு வாங்க வசதியுள்ளவர்கள் நம்மில் அதிகம் என்பது உண்மை. ஆனால் மாலையில் அசோசியேஷன் ஹாலில் உட்கார்ந்து படிக்கும், இங்கே வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்கு இருப்பது இந்த ஒரு இணைப்புதான். பி பிளாக் உள்பக்க ஃபிளாட்டுகளில் செல்ஃபோன் சிக்னல் கிடைக்காமல் வைஃபை வழியாகவே மகனிடமும் மகளிடமும் பேசும் மூத்தவர்களும் இருக்கிறார்கள். மூடுவது என்று முடிவெடுத்தாலும் அவர்களுக்கு மாற்று வழி சொல்லிவிட்டு மூடுவோம்.

நம் இளைஞர் கிளம்புவதற்கு முன், மே மாத ஞாயிற்றுக்கிழமைகளில் மாடியில் சொல்லிக்கொடுக்கச் சம்மதித்திருக்கிறார். வர விரும்புபவர்கள் அசோசியேஷன் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். முதல் பெயராக என் பெயரை எழுதிவிட்டேன்.